மேற்கு வளைவின் மண்

அப்பாவுக்கு ஜெர்மனியில் மண்ணை ஆராயும் வேலை. கார்ல்ஸ்ரூஹேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில், எந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த மண் எப்போது உள்வாங்கும் என்று பார்த்துச் சொல்வார். திருச்சியில் உறவினர்களுக்கு இதை விளக்குவது சிரமமாக இருந்தது. மண்ணைப் பார்க்க அவ்வளவு தூரம் எதற்குப் போக வேண்டும் என்று பெரியப்பா கேட்டாராம்.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் குடியிருந்தது நகரத்துக்கு வெளியே, ரைன் நதிச் சமவெளியில் இருந்த ஒரு சிற்றூர். ஒரு வீட்டின் மாடியில் நாங்கள். கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும், இருபது வயதைத் தாண்டிய அவர்கள் மகனும். அந்த ஊரில் வெளியாட்கள் வந்து பார்க்கத்தக்கவை இரண்டுதான். ஒன்று மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கான மணல்பாதை. இன்னொன்று நாங்கள்.

பாதை நீள்வட்டமாக இருக்கும். ஆண்டுக்கு ஒரு நாள், கோடைத் தொடக்கத்தில் ஒரு விடுமுறையன்று, அங்கே பந்தயம் நடக்கும். அந்த வண்டிகளுக்கு பிரேக் கிடையாது. ஓட்டுபவர்கள் இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு கட்டிக்கொண்டு, வளைவுகளில் அந்தக் காலைத் தரையில் இழுத்தபடி வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டுத் திரும்புவார்கள். எஞ்சினுக்கு ஊற்றுவது விளக்கெண்ணெய். முதல் வருஷம் ஊரெங்கும் பரவிய அந்த வாசனையை முகர்ந்துவிட்டு, "பாவம், யார் வீட்டுக் குழந்தைக்கோ வயித்துக்குக் கொடுத்திருக்காங்க" என்றாள் அம்மா.

வீட்டுக்காரர்தான் பந்தயச் சங்கத்தின் தலைவர். மர வேலை செய்பவர். தன் பட்டறையில் பலகையை இழைத்துக்கொண்டே எனக்குப் பாதையின் சரித்திரத்தைச் சொல்வார். முதலில் அது குதிரைகள் ஓடிய பாதை. பிறகு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. போர்க்காலத்தில் அதை உழுது உருளைக்கிழங்கு போட்டார்கள். போர் முடிந்ததும், வீடிழந்து கிழக்கேயிருந்து வந்தவர்கள் அதன் நடுவில் குடிசை போட்டு இருந்தார்கள். அவர்களுக்கு வீடுகள் கிடைத்த பிறகு, ஊர் இளைஞர்கள் சேர்ந்து ஆற்று மணலைக் குதிரை வண்டிகளில் கொண்டுவந்து கொட்டிப் பாதையை மீட்டார்கள். அவர்களில் அவரும் ஒருவர். போர்க்கைதிகள் முகாமிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாராம். சொல்லச் சொல்லக் குதிரை வண்டிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்.

மகன் அந்தப் பாதையில் ஓட்டினான். ஊரின் நம்பிக்கை அவன்தான். நான் அவனை "அண்ணா" என்று கூப்பிடுவேன். அந்தச் சொல் ஜெர்மனியில் பெண்பிள்ளையின் பெயர் என்பதால் அவனுக்கு ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும். தன் இரும்பு பூட்ஸை நான் மாட்டிக்கொண்டு படிகளில் இறங்க அனுமதிப்பான். கீழே அவன் அம்மா, அந்தச் சத்தம் கேட்டால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். சத்தம் பிடிக்காத பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மேற்கு வளைவில் ஒருவர் விழுந்தார். வெளியூர்க்காரர். முன்சக்கரத்தைத் தரை பிடித்துக்கொண்டதுபோல் வண்டி நின்றது. அவர் நிற்காமல் வேலியைத் தாண்டிப் போனார். முந்தைய வருஷமும் அதே இடத்தில் ஒருவர் விழுந்து, எழுந்து, மணலைத் தட்டிவிட்டுப் போயிருந்தார். இவர் எழவில்லை. பிழைத்துவிட்டார், ஆனால் இனி நடக்க மாட்டார் என்று சில வாரங்களில் தகவல் வந்தது. அவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்றார்கள் சிலர். தெரிந்திருந்தும் மிஞ்சிய வேகத்தில் போனார் என்றார்கள் மற்றவர்கள். மண்ணைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஒரு மாலை வீட்டுக்காரர் மாடிக்கு வந்தார். வாடகைக்கு விட்ட பிறகு அவர் எங்கள் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. அப்பாவின் ஆய்வுப் பட்டத்தைச் சேர்த்துத்தான் எப்போதும் அழைப்பார்.

"ஹெர் டாக்டர், நீங்க அந்த வளைவை ஒரு தடவை பார்க்கணும். அப்புறம் சங்கத்துக்காரங்க முன்னாடி வந்து சொல்லணும்."

அப்பா யோசித்தார். "பார்த்தா, இருக்கிறதைத்தான் சொல்லுவேன்."

"அதுக்காகத்தான் உங்களைக் கேட்கிறேன்."

அப்பா போய்ப் பாதை நன்றாக இருக்கிறது என்று சொல்வார், அடுத்த வருஷம் அண்ணா ஜெயிப்பான் என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் அறிவித்துவிட்டேன்.

இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் போனோம். மண்வெட்டி மகனிடம் இருந்தது. எங்கே தோண்டுவது என்று அப்பா நடந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வீட்டுக்காரர் ஓரிடத்தில் காலை வைத்து, "இங்கே" என்றார். மகன் சீட்டியடித்துக்கொண்டே வெட்டினான். ஒரு முழம்வரை நல்ல மணல் வந்தது. அதற்குக் கீழே செங்கல் துண்டுகள், ஓடுகள், கருகிய மரம், ஒரு எனாமல் குவளையின் கைப்பிடி. அவற்றின் நடுவே தண்ணீர் ஊறி நின்றது. சீட்டி நின்றுபோனது.

அப்பா மண்டியிட்டு ஒரு பிடி எடுத்துக் கசக்கிப் பார்த்தார். "இங்கே ஒரு பள்ளம் இருந்திருக்கு. யார் நிரப்பினது?"

வீட்டுக்காரர் பாதையோரத்துப் பாப்லர் மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "போர் முடியிற சமயத்துல வெட்டின பதுங்குகுழி. அப்புறம் எல்லாரும் சேர்ந்துதான் நிரப்பினோம். இடிஞ்ச வீடுகள் நிறைய இருந்துச்சு."

எனக்கு அவர் சொன்ன சரித்திரத்தில் இந்தப் பள்ளம் வந்ததே இல்லை.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டதும், ஊர் விடுதியின் பெரிய அறையில் நடந்தது. எனக்கு ஆப்பிள் சாறு வாங்கிக்கொடுத்து ஓரத்தில் உட்கார வைத்தார்கள். அப்பா கோட்டும் டையுமாக எழுந்து, இலக்கணம் பிசகாத ஜெர்மனில் பேசினார். மேலே இறுகிய மணல், கீழே ஈரம் குடித்த இடிபாடு. கனமான சக்கரம் வேகமாக அழுத்தினால் எந்த நேரமும் உள்வாங்கும். சரிசெய்ய வேண்டுமானால் வளைவு முழுவதையும் ஆழமாகத் தோண்ட வேண்டும். ஆற்றுக்குப் பக்கத்தில், நிலத்தடி நீர் இவ்வளவு மேலே இருக்கும் இடத்தில், அது ஒரு சங்கத்தால் ஆகிற காரியமல்ல. இங்கே இனி யாரும் ஓட்டக்கூடாது.

பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்: "உங்க நாட்டுல மோட்டார் சைக்கிள் இருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

"இருக்கு," என்றார் அப்பா. "மண்ணும் இருக்கு."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அப்பா நகைச்சுவையாகச் சொன்னாரா என்று எனக்கும் தெரியவில்லை.

வீட்டுக்காரர் எழுந்தார். முகம் தொங்கிப் போயிருந்தது. "கேட்டீங்கல்ல? படிச்சவர் இப்படிச் சொல்லிட்டுப் போன பிறகு, நாளைக்கு யாராவது விழுந்தா நான் என்ன பதில் சொல்றது? என் கையில என்ன இருக்கு?" என்று இரண்டு கைகளையும் விரித்தார். மகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, எங்களைத் தாண்டிப் போகும்போது அப்பாவிடம் நின்றான்.

"உங்களுக்கு இதனால என்ன கிடைச்சுது?" என்றான்.

அண்ணா என்னைப் பார்க்காமலே போய்விட்டான். அன்று எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, அப்பாமேல்தான் வந்தது.

வீடு திரும்பினோம். வீட்டுக்காரம்மா படியிலேயே காத்திருந்தாள். அப்பா ஏதோ சொன்னதும் மாடிக்கு ஓடி வந்து, தோசைக் கரண்டியோடு நின்ற அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கட்டிக்கொள்ளும் பழக்கமில்லாத அம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். பந்தயம் போன துக்கம் என்று நினைத்து, நானும் கொஞ்சம் அழுதேன்.

அதன்பின் ஊர் எங்களிடம் மரியாதையாக நடந்துகொண்டது. ரொட்டிக் கடைக்காரி முன்பெல்லாம் எனக்கு ஒரு இனிப்பு பிஸ்கட் கொடுப்பாள். இப்போது மீதிச் சில்லறையைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். வகுப்பில், பந்தயத்தை நிறுத்தியது உன் அப்பாவா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொன்ன பிறகு என்னைக் கயிறு தாண்டும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. தெருவில் நண்பர்களோடு நிற்கும்போது வீட்டுக்காரர் அப்பாவுக்குத் தலையை மட்டும் அசைப்பார். ஆனால் கோடை வந்தால் எங்கள் வாசலில் அடிக்கடி ஒரு கூடை செர்ரிப் பழம் இருக்கும்.

மகன் ஸ்டுட்கார்ட்டில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். வேறு ஊர்களின் மணல்பாதைகளில் இன்னும் சில வருஷம் ஓட்டினான் என்றும், கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிட்டான் என்றும் பின்னால் கேள்விப்பட்டோம். ஓட்டத்திலிருந்து அவனை ஒருவரும் காப்பாற்றவில்லை. மேற்கு வளைவிலிருந்து மட்டும் காப்பாற்றினார்கள்.

பல வருஷங்களுக்குப் பிறகு, திருச்சியில் ஒருநாள் பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள். கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் அவள் அப்பாவோடு சண்டை போட்டாளாம்.

"அந்தக் குழிய நிரப்பினவங்கள்ல கீழ்வீட்டுக்காரரும் ஒருத்தர். அங்க என்ன இருக்குன்னு அவருக்கு முன்னாடியே தெரியும். புள்ளைக்குப் பயந்து, ஊருக்குப் பயந்து, உங்களை முன்னாடி நிறுத்திட்டார். உங்களுக்கு அது புரியலையான்னு கேட்டேன்."

"அப்பா என்ன சொன்னார்?"

"தோண்டின அன்னிக்கே புரிஞ்சிடுச்சுன்னார். 'அவர் இங்கேயே வாழ்ந்து இங்கேயே சாகணும், நாம எப்படியும் போயிடுவோம். இதுல யார் சொன்னா சௌகரியம்?'னு என்னையே கேட்கிறார். எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை. உன்னை அந்தப் பிள்ளைங்க சேர்த்துக்காம விட்டது எனக்கில்ல தெரியும்."

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் திருச்சிக்கே திரும்பினோம். புறப்பட்ட அன்று காலை ரயில் நிலையத்துக்கு ஊரிலிருந்து வந்தவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை உடையில் வந்திருந்தார். எங்கள் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தானே ஏற்றினார். அப்பாவின் கையைப் பிடித்தவர் விடவில்லை. ரயில் நகர்ந்த பிறகும் கூடவே நடந்து, நடைமேடை முடிகிற இடத்தில் நின்று, நாங்கள் மறையும்வரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் உண்மையிலேயே போய்விட்டோமா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வந்திருக்கிறார் என்று நான் அன்று நினைத்துக்கொண்டேன்.