கடலில் மலைப்பக்கம்

என் வீட்டுக்காரர் வட்டவளைப் பக்கத்து மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் லொறி ஓட்டினார். ஒரு மழைநாளில் வண்டியின் பின்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கிப் பள்ளத்தின் மேல் தொங்கியது. கொழுந்துச் சாக்குகள்தான் உருண்டுபோயின, ஆளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து மனிதர் சிரிப்பதை விட்டுவிட்டார். வேலை முடிந்து வந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல புள்ள" என்பார். ஒரு வருஷம் அந்த ஒண்ணுமில்லையோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

அந்தச் சமயத்தில் வடக்கே கடலோரத்து ஊர்காவற்றுறையில் மோட்டார் வள்ளம் வைத்திருந்த ஒரு முதலாளிக்கு இஞ்சின் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. தீவுகளுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றி இறக்குகிற வேலை. இவர் லீவு போட்டுவிட்டுப் போய் இரண்டு வாரம் பழகினார். பிறகு கடிதம் வந்தது: ஞாயிற்றுக்கிழமை முதலாளி ஓட்டிக் காட்டச் சொல்கிறார், நீங்களும் வந்து ஊரைப் பாருங்கள் என்று. நான், மாமியார், நாத்தனார் மூன்று பேரும் ரயிலேறினோம்.

அங்கே குடிபோக எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. அம்மா வீடு பக்கத்து லயத்து வரிசையில். எனக்குக் கொழுந்து பறிக்கிற வேலை, வேலையை மேய்க்கிற கண்டாக்கையாவின் செக்ரோல் பதிவேட்டில் என் பேர், கூடவே வாய் ஓயாத நாலு தோழிகள். கடற்கரையில் என்ன இருக்கிறது, உப்புக்காற்றும் பனைமரமும்தானே? முடியாது என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன். அதை எப்படிச் சொல்வதென்று வழி நெடுக மனதுக்குள் ஒத்திகை வேறு.

வள்ளம் சின்னது. முதலாளி முன்னால் உட்கார்ந்து, கரையோரமாகவே விடச் சொன்னார். சுற்றிலும் தீவுகள் என்பதால் அலையே இல்லை. அப்படியும் மாமியார் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு சாமி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இவரோ சுக்கானைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துத் துரை மாதிரி விறைப்பாக நின்றார்.

மீன்வலைக் கம்புகள் குறுக்கே வந்தன. இவர் வள்ளத்தைக் கடல் பக்கமாகத் திருப்பினார். வள்ளம் கரைப் பக்கமாகச் சாய்ந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தோட்டத்து லொறியில் திருவிழாவுக்குப் போகும்போது, மோசமான வளைவு வந்தால் டிரைவர் "மலைப்பக்கம்!" என்று கத்துவார். பின்னால் நிற்கிற அத்தனை பேரும் பள்ளத்தை விட்டு மலையோரமாக ஒதுங்க வேண்டும். ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து பழகிய கால், இவருக்குப் பழகிய வாய். சுக்கானைத் திருப்பிய வேகத்தில் தன்னை மறந்து கத்திவிட்டார்:

"மலைப்பக்கம்!"

கடலில் ஏது மலை? கரைதான் மலை என்று எங்கள் கால்களே முடிவு செய்துவிட்டன. மூன்று பேரும் எழுந்து, ஏற்கனவே சாய்ந்திருந்த அந்தப் பக்கமே பாய்ந்தோம்.

"ஐயோ, எழும்பாதேங்கோ!" என்று முதலாளி அலறினார்.

மாமியாரும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தப்பித்தார்கள். நான் தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கையைக் காலை உதறினேன். பாதிக் கடலைக் குடித்தேன். நான் போய்விட்டால் மாமியார் இவருக்கு வேறு பெண் பார்ப்பாரே என்றுகூட ஓர் எண்ணம் வந்துபோனது.

"பிள்ளை, எழும்பி நில்லும்," என்றார் முதலாளி.

நின்றேன். தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது.

இவர் இஞ்சினை நிறுத்தியிருந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் முழுசாக நிற்பதைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். கட்டின பொண்டாட்டி சேற்றில் நிற்கிறாள், இவருக்குச் சிரிப்பு! நன்றாகத் திட்ட வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை. இந்தச் சிரிப்பைக் கேட்காமல் ஒரு வருஷம் எப்படி இருந்தேன் என்றுதான் தோன்றியது.

"தம்பி, நாளைக்கே வேலைக்கு வாரும்," என்றார் முதலாளி. "உம்மட வீட்டு ஆக்களை மட்டும் ஏத்தாதையும்."

இவர் கை கொடுத்து என்னை மேலே தூக்கினார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

"ஒனக்குப் புடிக்கலேன்னா தோட்டத்துக்கே போயிரலாம் புள்ள," என்றார்.

பேச்சுக்காகச் சொல்லவில்லை. நான் தலையசைத்தால் போதும், மறுபேச்சில்லாமல் அந்த லொறியிலேயே மறுபடி ஏறியிருப்பார்.

சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, "செக்ரோல்ல என் பேர வெட்டச் சொல்லி கண்டாக்கையாகிட்ட நீங்களே சொல்லிருங்க," என்றேன். "நான் போனா அழுதுருவேன்."