பம்பரத்துக்கு மறுபடியும் ஊசி

அந்த ஆடை ஆலையில் இருநூற்று எழுபது தையல் மெஷின்களுக்கு ஒரே மெக்கானிக் அவர். ஒரு வரிசையில் ஊசி முறியும், அதைச் சரிசெய்து நிமிர்வதற்குள் இன்னொரு வரிசையில் நூல் சிக்கும். ஓடிக்கொண்டே இருப்பதால் 'பம்பரம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தாலும் மேஜைக்கடியில் ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும்.

அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது பதினோரு வருடங்களாக அவருக்கும் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கண்டுபிடித்தபோது ஆள் பாதியாகியிருந்தார். அப்புறம் தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை என்று வாழ்க்கை ஒரு நிலைக்கு வந்தது. கிருமி பரிசோதனையில் தென்படாத அளவுக்கு அடங்கிவிட்டது. மனைவிக்குத் தொற்றவில்லை. மகள் பிறந்து பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டாள். ஆலையில் எவருக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கத் தொடங்கினால் அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

மழை விட்ட மாதத்தில் ஆலையில் மஞ்சள் காமாலை புகுந்தது. முதலில் பட்டன் வைக்கும் பெண் ஒருத்தி விடுப்பு எடுத்தாள். அடுத்த வாரம் மூன்று பேர். பிறகு அயர்ன் மாஸ்டர் இஸ்திரி மேஜை மேலேயே வாந்தியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். பம்பரம் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. எச்.ஐ.வி. சிகிச்சை தொடங்கிய புதிதிலேயே இந்தக் காமாலைக்கு இரண்டு தடுப்பூசி போட்டிருந்தார். உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்று அப்போதே சொல்லியிருந்தார்கள்.

வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது பேச்சுவாக்கில் இதைச் சொன்னார். நர்ஸ் அக்கா கோப்பைப் புரட்டினார்.

"இந்த ஊசி போட்டப்ப உங்க கவுண்ட், அதான் ரத்தத்துல நோயை எதுக்கற அணுக்களோட எண்ணிக்கை, நூத்தி நாப்பதுதான் இருந்திருக்கு. அவ்வளவு கம்மியா இருக்கறப்ப போட்டா சில பேருக்குச் சரியாப் பிடிக்காது. எதுக்கும் இப்ப ஒருதடவை பாத்துடலாம்."

"அதான் பிடிச்சிருக்குன்னு சொன்னீங்களே, அக்கா?"

"பிடிச்சுது. நிக்குதான்னு பாக்கணும்ல?"

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் இருந்த எதிர்ப்புச் சக்தி இப்போது இல்லை.

"இல்லன்னா எங்க போச்சு?" என்று கேட்டார் பம்பரம். பையைத் தொலைத்தவர் கேட்பது போல இருந்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அன்னைக்கு உங்க உடம்பு பலவீனமா இருந்துச்சு. கொஞ்சமாத்தான் உருவாச்சு, அது வருஷம் போகப் போகக் கரைஞ்சிருக்கு. இப்ப கவுண்ட் அறுநூறுக்கு மேல. திரும்பப் போட்டா நல்லாப் பிடிக்க வாய்ப்பு இருக்கு. இன்னைக்கே முதல் ஊசி. நோய் இருக்கற இடத்துல வேலை பாக்கறீங்க, அதனால உடனே பாதுகாப்பு தர்ற ஊசி ஒண்ணும் சேர்த்துப் போடறேன்."

"கிருமி ஏற்கெனவே உள்ள போயிருந்தா?"

"போயிருந்தா ஐம்பது நாளுக்குள்ள தெரியும்."

அந்த ஐம்பது என்ற எண் அவரைப் பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று கீழிமையை இழுத்துப் பார்ப்பார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை, குழல்விளக்கில் ஒருமுறை. ஒன்றில் வெள்ளையாகவும் ஒன்றில் லேசாக மஞ்சளாகவும் தெரியும். உடனே மனைவியைக் கூப்பிடுவார்.

"ஏங்க, நேத்துப் பாத்த அதே கண்ணுதான். விடுங்க."

மனைவிக்கும் பரிசோதனை செய்தார்கள். அவளுக்கு எதிர்ப்புச் சக்தி ஏராளமாக இருந்தது, ஊசியே போடாமல். சின்ன வயதில் வந்து, தெரியாமலே போயிருக்கும் என்றார்கள்.

"நாங்க ஆறு பிள்ளைங்க. தெருக்குழாய்ல வாய வெச்சுக் குடிச்சு வளந்தோம்" என்றாள். "உங்கம்மா தண்ணியக் கொதிக்க வெச்சு, ஆத்தி, வடிகட்டி, பாத்துப் பாத்து வளத்தாங்க. பாருங்க, அத்தை புண்ணியத்துல உங்களுக்குக் காமாலையும் வரல, எதிர்ப்பும் வரல!"

அவர் சிரித்தார். சிரித்த வாயோடு மறுபடி கண்ணாடிக்குப் போனார். மகளுக்கும் அந்த வாரமே ஊசி போட்டார்கள்.

ஆலைக்கு வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுபோனார். "பெரிய எடத்துப் பிள்ளை ஆயிட்டாருப்பா" என்று சூப்பர்வைசர் கேலி செய்தபோது, "தொண்டை சரியில்ல" என்று சமாளித்தார். ஆனால் உட்கார முடியவில்லை. இத்தனை பேருக்கு எங்கிருந்து வருகிறது? மெஷின் பார்க்கப் போகிற இடத்திலெல்லாம், யார் எந்தக் குழாயில் குடிக்கிறார்கள் என்று விசாரித்தார். காமாலை கண்ட பதினாலு பேரும் கீழ்த்தளத்துக்காரர்கள். மேல்தளத்தில் ஒருவர்கூட இல்லை. கீழ்த்தளத்துக் குழாய்க்குத் தனித் தொட்டி. ஒரு மத்தியானம் கேன்டீனுக்குப் பின்னால் போய், குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். கழிவறைக் குழாயில் விரல் நுழையும் விரிசல். அதற்கு ஒரு முழம் கீழே தண்ணீர்த் தொட்டியின் மூடி, ஓரம் உடைந்து கிடந்தது.

மேனேஜரிடம் ஓடினார்.

"ஆள் வரச் சொல்லியிருக்கேன். நீ மெஷினப் பாரு."

மறுநாளும் அதே பதில்தான். மூன்றாம் நாள் மேனேஜர் நிமிர்ந்து பார்த்து, "உனக்கென்ன இதுல இவ்வளவு அக்கறை? உனக்கும் ஏதாச்சும் வியாதியா?" என்றார்.

சாதாரணமாகக் கேட்டாரா, தெரிந்து கேட்டாரா? பம்பரம் வெளியே வந்தார். படிக்கட்டில் ஏறினார், இறங்கினார். பிறகு நேராக மோட்டார் அறைக்குப் போய், கீழ்த்தளத்துக்கான வால்வை இறுக மூடி, அதன் கைப்பிடியை ஸ்பானரால் கழற்றித் தன் கருவிப் பையில் போட்டுக்கொண்டார்.

கால் மணி நேரத்தில் கீழ்த்தளமே சலசலத்தது. மேனேஜர் மூச்சு வாங்க வந்தார். "கைப்பிடிய எடு."

"தொட்டியக் கழுவி, குழாய மாத்துங்க சார். எடுத்துத் தர்றேன்."

"வேலை போயிடும், தெரியும்ல?"

"தெரியும் சார்." பையை விடவில்லை. தையல்காரப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து பின்னால் நின்றார்கள். சாயங்காலத்துக்குள் கேன் தண்ணீர் வந்தது. இரண்டு நாளில் குழாய் மாறியது. பம்பரத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் மெஷின்களை யார் பார்ப்பது?

ஐம்பது நாள் கடந்தது. கண் மஞ்சளாகவில்லை. கண்ணாடி முன் நிற்கும் பழக்கம் மட்டும் இன்னும் ஒரு மாதம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அயர்ன் மாஸ்டர் தேறித் திரும்பியபோது சட்டை அவர் மேல் தொங்கியது. ஈரல் கைவிட்டுப் போகப் பார்த்தது என்று டாக்டர்கள் சொன்னார்களாம். டீ இடைவேளையில் பம்பரத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

"உனக்கு மட்டும் எப்படிப்பா வரல?"

"நான் ஊசி போட்டுக்கிட்டேன், மாஸ்டர்."

"இதுக்கு ஊசி இருக்கா?" மாஸ்டர் அவரையே பார்த்தார். "அப்ப எங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

பம்பரம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். தனக்கு முடிவு தெரிவதற்கு முன்பே மாஸ்டர் படுத்துவிட்டார் என்பது உண்மை. ஆனால் மாஸ்டருக்குப் பிறகும் ஒன்பது பேர் படுத்தார்கள். அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். எதற்காகப் போட்டாய் என்று கேட்டுவிடுவார்களோ என்றுதான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ஆலையில் மாத்திரைப் பெட்டி வைத்திருக்கும் அக்காவிடம் போய் எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று சொன்னார். அந்த வாரம் பன்னிரண்டு பேர் போய்ப் போட்டுக்கொண்டார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆறு மாதத்தில் இரண்டாவது ஊசி. அதற்கு அடுத்த மாதம் ரத்தம் எடுத்தார்கள்.

"இந்தத் தடவை நல்லாவே வந்திருக்கு" என்றார் நர்ஸ் அக்கா.

"நிக்குமா?"

"நிக்கும்னு நம்பறோம். ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பப் பாப்போம்."

"ஒரு வருஷத்துல பாக்க முடியாதா, அக்கா?"

நர்ஸ் அக்கா கோப்பைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பேனாவை எடுத்து, இரண்டு என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு ஒன்று என்று போட்டார்.