காற்றுக்காகக் காத்திருந்தவர்

எங்கள் ஊர்ப் பைன் தோப்புக்கு முப்பத்தொரு வருடம் காவல் இருந்தவர் என் அப்பா அகஃபோன். போன மாதம் அவரை அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம்.

ஓப் ஆற்றங்கரையில் வீடுகள் முடிகிற இடத்தில் தோப்பு தொடங்கும். மரங்கள் ஊருக்குப் பொது. காய் முற்றியதும் அப்பா ஒரு நாள் குறிப்பார். அன்றுதான் எல்லாரும் மரமேறி, கொட்டை இருக்கும் கூம்புகளைக் கோலால் தட்டலாம். முந்தி ஏறியவன் வீட்டுக்கு அந்த வருடம் கொட்டையில் பங்கு கிடையாது. தானாக விழுந்ததை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளலாம்.

அம்மா லுக்கேரியாவை ஓர் ஆகஸ்ட் கடைசியில் மருத்துவமனையிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். வயிற்றில் கட்டி. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார்கள். கஞ்சிகூட இறங்கவில்லை. அப்பா சாக்கிலிருந்த போன வருடக் கொட்டைகளை உடைத்துக் கொடுத்தார்.

"காறுது கிழவா. புதுசு வேணும்."

"நாள் வரலையே, லூஷா," என்றார் அப்பா. செல்லமாக அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

"நாள் குறிக்கிறவனே நீதானே."

"அதனாலதான்."

பக்கத்து வீட்டுப் புரோகோர் வேலியில் சாய்ந்தபடி சொன்னார்: "ஏறுய்யா. ஊரே கண்ணை மூடிக்கிறோம்."

"இந்த வருஷம் எனக்காக மூடுவீங்க. அடுத்த வருஷம் உனக்காக நான் மூடணும்."

"பொண்டாட்டியவிட மரம் பெருசாப் போச்சு உனக்கு."

அப்பா முக்காலியை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனார். இலை அசையாத நாட்கள் அவை. மரத்தில் சாயாமல் நான்கடி தள்ளி உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம் அது. உலுக்கிவிட்டார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். இருட்டியதும் வெறுங்கையோடு வந்தார். மறுநாளும் அப்படியே.

மூன்றாம் நாள் மதியம் ஆற்றுப்பக்கமிருந்து காற்று எழுந்தது. மூன்று கூம்புகள் விழுந்தன. பிசின் ஒட்டிய கையோடு அவற்றைக் கொண்டுவந்து, அடுப்பில் வாட்டிக் கொட்டைகளை உதிர்த்தார்.

அம்மா படுத்தபடியே ஒன்றைக் கடித்து மெதுவாக மென்றாள்.

"பருப்பு இன்னும் பாலாத்தான் இருக்கு. பத்து நாளாவது போகணும்," என்றாள். பிறகு இன்னொன்று கேட்டாள். மொத்தம் ஐந்து தின்றாள்.

மறுநாள், மரமேறும் நாளை அறிவித்துக் கடைக் கதவில் அப்பா ஒட்டியிருந்த காகிதத்தில் செப்டம்பர் ஐந்தாம் தேதி அடிக்கப்பட்டு, பத்தாம் தேதி என்று எழுதியிருந்தது.

அம்மா எட்டாம் தேதி இறந்தாள். மூன்றாம் நாள் அடக்கம். அதுதான் பத்தாம் தேதி. புரோகோர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நாளைத் தள்ளி வச்சிடலாம், அகஃபோன். எல்லாரும் சம்மதம்."

"அவ சொன்ன நாள். மாத்தாதீங்க."

காலையில் அடக்கம் முடிந்தது. மதியம் ஊரே மரமேறியது. அப்பா ஏறவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, கூம்புகள் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். காலடியில் உருண்டு வந்த ஒன்றைப் பிரித்து, ஒரு கொட்டையைக் கடித்தார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கா," என்றார்.