கடைசித் திரி

சாவகச்சேரியில் நடந்த கூட்டமொன்றில்தான் அவரைப் பார்த்தேன். காப்புறுதி முகவர் ஒவ்வொருவரும் இனி ஒரேயொரு கொம்பனிக்கு மட்டுமே வேலை செய்யலாம் என்று புதிய சட்டம் வரவிருந்தது. முகவர்களான எங்களிடம் கருத்துக் கேட்கவென்று கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். எங்கள் சங்கத்தின் சார்பில் பேச வந்தவர் அவர். ஒல்லியான பெண், வெயிலில் கறுத்த முகம். ஸ்கூட்டியை விட்டு இறங்கினாலும் ஹெல்மெட்டைக் கீழே வைக்கமாட்டார். முழங்கையிலேயே மாட்டிக்கொண்டு திரிவார்.

"அக்கா, நீங்கள் கதைக்க நேரமில்லையாம். மங்கல விளக்கிலை கடைசித் திரியை நீங்கள் ஏத்துங்கோ," என்றார் அறிவிப்பாளர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ நேரே மேடையேறி, மெழுகுதிரியை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். கடைசித் திரியை ஏற்றும்வரை யாரும் உட்கார முடியாது. அதிகாரிகளும் நின்றார்கள்.

"ஏத்துவன். முதல்லை கேளுங்கோ. கொம்பனி காசு தரமாட்டம் எண்டால் சனம் கொழும்புக்கு வராது, என்ரை வீட்டுப் படலையிலைதான் வந்து நிக்கும். வேறை கொம்பனியைக் காட்ட எனக்கு வழியில்லையெண்டால், நான் ஆற்றை ஆள்? சனத்தின்ரை ஆளோ, கொம்பனியின்ரை ஆளோ?"

"அக்கா, அதிகாரிமார் நிக்கினம்," என்று அறிவிப்பாளர் கெஞ்சினார்.

"நிக்கட்டும் தம்பி. நாங்கள் வெயிலுக்கை நிக்கிறனாங்கள்தானே."

மெழுகு விரலில் வழிந்தது. சொல்ல வந்ததெல்லாம் சொல்லி முடித்த பிறகே திரியை ஏற்றினார்.

அதே சட்டம் பற்றிய அடுத்த கூட்டத்துக்கும் போனேன். அவர் ஹெல்மெட்டோடு முன்வரிசையில் இருந்தார். சட்டத்தில் ஒரு சொல்லும் மாறியிருக்கவில்லை. இந்த முறை மேடையில் விளக்குத்தான் இல்லை.