ஏழரை டயரும் ஐந்து அங்குலக் கட்டையும்

ஐந்து அங்குலம். பேச்சி தூக்கிக்கொண்டு நடந்த முட்டுக்கட்டையின் உயரம் அது. வாகை மரத்தில் வெட்டிய கனத்த கட்டை. ஒரு முனையில் துளை, துளையில் நைலான் கயிறு. புருஷன் மாரிக்கண்ணன் கரிமூட்டை ஏற்றிய ஜீப்பைக் கண்மாய்க் கரை மேட்டில் ஏற்றும்போது, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்துக்கு ஓர் எட்டு தள்ளி அவள் நடப்பாள். வண்டி மேட்டில் நின்றுபோனால் கட்டையைச் சக்கரத்துக்குப் பின்னால் போட்டு, காலால் உதைத்து இறுக்குவாள். இனி நகராது என்று கண்ணுக்குத் தெரிந்ததும் "ம்" என்று குரல் கொடுப்பாள். அந்த "ம்" காதில் விழுந்த பிறகுதான் மாரிக்கண்ணன் பிரேக்கிலிருந்து காலை எடுப்பான்.

எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் நிற்கும் மாதங்களை விடச் சீமைக்கருவேலம் நிற்கும் மாதங்கள்தான் அதிகம். மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி, தார் ரோட்டில் நிற்கும் லாரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவர்கள் பிழைப்பு. லாரி கண்மாய்க்குள் இறங்காது. டிராக்டரை விதைப்பு நேரத்தில் யாரும் தரமாட்டார்கள். மாரிக்கண்ணனிடம் இருந்தது பட்டாளத்து ஏலத்தில் வந்து பல கை மாறிய பழைய ஜீப். முன்சக்கரம் பின்சக்கரம் இரண்டுக்கும் இழுவை உண்டு. இல்லாதது ஹேண்ட் பிரேக். நடுவிலிருக்கும் கியர் பெட்டியிலிருந்து ஆயில் கசிந்து பிரேக் டிரம்முக்குள் இறங்கிவிடும். சரிசெய்தால் கொஞ்ச நாள் பிடிக்கும், மறுபடி வழுக்கும். ஒரு கட்டத்தில் சரிசெய்வதை விட்டுவிட்டுக் கட்டையை எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் கட்டை பிடித்தவன் இருளப்பசாமி, லோடு ஏற்றுகிறவன். ஒருநாள் வண்டி கொஞ்சம் பின்வாங்கியதும் கட்டையை வீசிவிட்டுக் கருவேலங்காட்டுக்குள் ஓடிப்போனான். அன்றைக்குக் கட்டையை எடுத்துச் சக்கரத்தில் கொடுத்தவள் பேச்சி. பிறகு அவள் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. தனக்குப் பயமில்லை என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. ஓடுகிற ஆளை நம்பி வண்டியில் புருஷனை உட்கார வைக்க முடியாது என்று மட்டும் சொல்வாள்.

மரத்தை வெட்டினாலும் அடித்தூர் தரையில் நிற்கும். ஜீப்பின் வயிறு அதில் இடிக்கும். சக்கரங்களுக்கு நடுவே தொங்கும் இரும்பு உருண்டை, மெக்கானிக்குகள் ஹவுசிங் என்பார்கள், ஒரு தூரில் மோதி விரிசல் விட்டது. போன வருடம் கோடையில் மாரிக்கண்ணன் ஒரு முடிவுக்கு வந்தான். இருந்த ஆறு அங்குல அகல டயர்களைக் கழற்றிவிட்டு, அகலத்தோடு உயரமும் கூடிய, குமிழ் குமிழாகப் பட்டன் வைத்த ஏழரை அங்குல டயர்களை மாட்டினான். இடம் போதவில்லை என்று மட்கார்டை வெட்டினான். வண்டி கோயில் சப்பரம் மாதிரி உயர்ந்து நின்றது. முதல் நாள் ஏற முடியாமல் லோடு ஏற்றும் பெண்கள் சிரித்தார்கள். இருளப்பசாமியின் பெண்டாட்டி கருத்தம்மாள் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மாரியண்ணே, இதுக்கு ஏணி தனியா வாங்கணுமா, வண்டியோட தருவாகளா?" என்று கேட்டாள்.

தூர்களைத் தாண்டுவதில் வண்டி கெட்டியாக இருந்தது. மேட்டில்தான் திணறியது. முன்பு முழு லோடோடு ஏறிய கரையில் பாதி லோடுக்கே இன்ஜின் அடிவயிற்றிலிருந்து முனகியது. வண்டிக்குப் பின்னால் நடந்து பழகிய காது பேச்சிக்கு. வண்டி சினை மாடு மாதிரி மூச்சு விடுகிறது, என்னமோ செய்திருக்கிறீர்கள் என்று அன்றே சொன்னாள். ஒரு தடவை பாதி மேட்டில் இன்ஜின் நின்றது. கட்டையைப் போட்டாள். பாதி லோடுதான், பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டதால் அதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

கிளட்ச் கருகி நாற ஆரம்பித்ததும் வண்டியைப் பாளையம்பட்டிக்கு ஓட்டிப்போனார்கள். அங்கே சென்னகேசவன் ஷெட் வைத்திருக்கிறான். தறிக்காரக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. மாரிக்கண்ணனோடு பத்தாவது வரை படித்தவன். டயரைச் சுற்றி வந்து பார்த்தான்.

"ஏலே மாரி, ஊரெல்லாம் ஏழரை எப்ப விடும்னு திருநள்ளாறு போறாக. நீ காசு குடுத்து வாங்கி நாலு பக்கமும் மாட்டிருக்க."

பிறகு தரையில் உட்கார்ந்து சாக்கட்டியால் வரைந்து காட்டினான். ஹவுசிங்குக்குள் இரண்டு பல்சக்கரம். சின்னது பினியன், எட்டுப் பல். பெரியது கிரவுன், முப்பத்தொன்பது பல். இன்ஜினிலிருந்து வரும் ஷாப்ட் ஏறக்குறைய ஐந்து சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அந்தக் கணக்கு பழைய டயருக்குப் போட்டது. டயர் பெரிதாகிவிட்டால் அதே ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போயாக வேண்டும், இன்ஜினோ அதே இன்ஜின். வாளி கட்டி இறைத்த கிணற்றில் அண்டாவைக் கட்டி இறைக்கச் சொல்கிறாய் என்றான். கிரவுன் நாற்பத்துமூன்று பல் இருக்கிற செட்டாக மாற்றினால் பழைய இழுவை வந்துவிடும். ஆனால் பின்னால் மாற்றினால் முன்னாலும் மாற்ற வேண்டும்.

மதுரையில் பழைய சாமான் கடையில் கிடைத்தது ஒரே ஒரு செட். முன்பக்கத்துக்கு இன்னொன்று வந்தால் சொல்கிறேன் என்றான் கடைக்காரன். விதைப்பு நெருங்கியது, மழையும் நெருங்கியது. இருந்த செட்டைப் பின்னால் பூட்டி, முன்சக்கரத்துக்குப் போகும் ஷாப்ட்டைக் கழற்றி மாரிக்கண்ணன் கையில் கொடுத்தான் சென்னகேசவன். முன்னே ஒரு கணக்கு, பின்னே ஒரு கணக்கு. இரண்டுக்கும் சேர்த்து இழுவை கொடுத்தால் முன்சக்கரம் வேகமாகப் போகப் பார்க்கும், பின்சக்கரம் விடாது. சேற்றில் என்றால் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும், கெட்டித் தரையில் வண்டி தன்னையே முறுக்கிக்கொள்ளும் என்று எச்சரித்தான். மாரிக்கண்ணன் கேட்டுக்கொண்டான். ஷாப்ட்டைச் சாக்கில் சுற்றி வீட்டில் வைத்தான்.

அடுத்த லோடு முழு லோடு. வண்டி மேட்டில் முனகாமல் ஏறியது. அதற்குப் பிறகு ஒரு முறைகூட நடுவில் நிற்கவில்லை. பேச்சி கட்டையோடு சும்மாதான் நடந்தாள். பெரிய டயருக்கும் முழு லோடுக்கும் அந்தக் கட்டையைப் போட்டுப் பார்க்க அவளுக்கு ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை.

ஐப்பசியில் மேல்கண்மாய் நிரம்பி மறுகால் பாய்வதாகப் போன் வந்தபோது, இவர்களின் கடைசி மூட்டத்துக் கரி மூட்டை மூட்டையாகக் கண்மாய்க்குள் கிடந்தது. அந்த வருடத்தில் இவர்களுக்கென்று மிஞ்சியது அதுதான். சாயங்காலத்துக்குள் தண்ணீர் வந்துவிடும். கரியில் தண்ணீர் ஏறினால் எடை பார்க்கக்கூட லாரிக்காரன் வரமாட்டான்.

காலையிலேயே தூறல். பின்சக்கரம் கரிசல் சேற்றில் சும்மா சுற்றியது, வண்டி நின்ற இடத்தில் புதைந்தது. மாரிக்கண்ணன் வீட்டுக்குப் போய் முன் ஷாப்ட்டைக் கொண்டுவந்தான். சேற்றில் மல்லாக்கப் படுத்து அதைப் பூட்டினான். பூட்டும் முன்பு சென்னகேசவனுக்குப் போன் போட்டான். சேற்றுக்குள் ஓட்டும் வரை முன்சக்கரத்துக்கு இழுவை கொடுக்கும் லிவரைப் போட்டுக்கொள், கரை ஏறும் முன் எடுத்துவிடு, மறந்துவிடாதே என்றான் அவன்.

முதல் நடையில் அப்படியே செய்தான். மேட்டின் அடியில் லிவரை எடுத்தான், பின்சக்கர இழுவையிலேயே வண்டி ஏறியது. இரண்டாவது நடையும் ஏறியது. மூன்றாவது நடை பெரிய லோடு. கண்மாய்க்குள் வடக்கு மூலையில் தண்ணீர் பளபளத்தது. மேட்டின் அடியில் அந்தக் கோடையில்தான் சல்லி போட்டு சிமெண்ட் பூசியிருந்தார்கள். சேற்றில் நின்றபடியே எடுக்க வேண்டிய லிவரை, நின்றால் புதைந்துவிடும் என்ற பயத்தில், மாரிக்கண்ணன் சிமெண்ட் தரைக்கு வந்த பிறகு எடுக்கப் பார்த்தான். லிவர் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். முறுக்கிக்கொண்டிருந்தது.

பேச்சி ஜன்னல் பக்கம் வந்தாள். "கொஞ்சம் பின்னால எடுங்க. முறுக்கு விட்டுச்சுன்னா லிவரு தன்னால வரும்."

"பின்னால போனா சேறு. புதைஞ்சா இன்னைக்கு இதோட சரி."

"அப்ப பாதி மூட்டைய இறக்கிட்டுப் போவோம்."

"தண்ணி வருது பேச்சி, பாக்கறேல்ல?"

அவள் பார்த்தாள். தண்ணீர் வருவது அவளுக்கும் தெரிந்தது. கட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

வண்டி ஏறியது. ஸ்டியரிங் கல் மாதிரி இருந்ததாக மாரிக்கண்ணன் சொல்கிறான். பாதி மேட்டில் அடியில் தேங்காய் உடைத்தது போல் ஒரு சத்தம். நடுக் கியர் பெட்டிக்குள் பல் பறந்துவிட்டது. இழுவை அத்தோடு போனது. பிரேக்கை முழுசாக மிதித்தான். சேற்றுத் தண்ணீரில் ஊறிய பிரேக் பாதிதான் பிடித்தது. வண்டி மெதுவாகப் பின்வாங்கியது.

பேச்சி ஓடவில்லை. கட்டையைப் போட்டு உதைத்தாள். சக்கரம் கட்டையில் முட்டி நின்றது. நின்றதை அவள் கண்ணால் பார்த்தாள். வழக்கம்போலக் குரல் கொடுத்தாள்.

"ம்."

மாரிக்கண்ணன் காலை எடுத்தான்.

பழைய டயராக இருந்தால் நின்றிருக்குமா என்று இன்றைக்கு ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பெரிய சக்கரத்துக்குக் கட்டை சின்ன மேடு. டயரின் பட்டன் கட்டையின் விளிம்பைக் கவ்வியது, சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கியது. கட்டை நகர்கிறது என்று நினைத்து மறுபடி உதைக்கக் காலை நீட்டியிருந்தாள் பேச்சி. இடது கால்.

வண்டி கரை ஓரத்து மண்ணில் சாய்ந்து நின்றது. மூட்டைகள் மேலே விழாமல் கருத்தம்மாள்தான் அவளை இழுத்தாள். இந்த முறை இருளப்பசாமி ஓடவில்லை. தன் வேட்டியைக் கிழித்து அவள் தொடையில் கட்டினான். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்தி மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கண்மாய்க்குள் கிடந்த கரியை அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் தண்ணீர் வந்தது. கரிச் சாக்குகள் இரண்டு நாள் மிதந்தன.

சென்னகேசவன் ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனான். பழத்தைக் கட்டில் அருகே வைத்தான். பேச்சிதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"என்னண்ணே, பல்லு எண்ணப் போறீகளா?"

"டயரு, கிரவுனு, ஷாப்ட்டு, எல்லாத்தையும் யோசிச்சேன் தங்கச்சி. கட்டை வண்டிச் சாமான் இல்லையே. அது எனக்கு நெனப்பு வரல."

அவனைக் குறை சொல்லவில்லை என்று அவள் ஆறுதல் சொன்னாளாம். புருஷனை மட்டும் விடவில்லை. மாரிக்கண்ணன் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வரும்போதெல்லாம் பக்கத்துக் கட்டில்காரிகளுக்குக் கேட்கும்படி, "வண்டிக்கு உசந்த காலு மாட்டுனாக. கணக்குச் சரியா வரணும்ல, என் காலக் கழட்டிட்டாக" என்பாள். அவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மாரிக்கண்ணன் முகத்தைப் பார்ப்பார்கள். அவன் தூக்கைத் திறந்து சோற்றைப் பிசைவான். "ம்" என்ற சத்தத்தை மட்டும் அவன் முன்னால் இப்போது யாரும் எழுப்புவதில்லை. பேச்சியும் "சரி" என்றுதான் சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அந்தக் கட்டையைக் கொண்டுவரச் சொன்னாள். மடியில் வைத்துத் தடவிப் பார்த்தாள். பத்து வருடம் உதைத்ததில் மேல் விளிம்பு மழுங்கி வளைந்திருந்தது. ஐந்து அங்குலம்கூட இல்லை, ஒரு பக்கம் நாலரைதான் இருக்கும் என்றாள். அடுப்பில் வைக்கச் சொன்னாள். வாகைக் கட்டை, ஆயிலில் ஊறியது. அன்றைய சமையல் முழுக்க எரிந்தது.

கார்த்திகைக் கடைசியில் மதுரைக் கடைக்காரனிடமிருந்து போன் வந்தது. முன்பக்கத்துக்கான செட் வந்திருக்கிறது, எட்டுக்கு நாற்பத்துமூன்று. சென்னகேசவன் அதைப் பூட்டிவிட்டான். உடைந்த கியர் பெட்டியையும் மாற்றி, ஆயில் கசிவை அடைத்து, ஹேண்ட் பிரேக்கையும் சரிசெய்தான். கூலி வாங்கவில்லை. இப்போது வண்டி முன்னும் பின்னும் ஒரே கணக்கில் சுற்றுகிறது. சமதரையில் ஹேண்ட் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. மேட்டில் அதை நம்பி நிறுத்த மாரிக்கண்ணன் தயாராக இல்லை. புதுக் கட்டை ஒன்று செதுக்கியிருக்கிறான். உயரம் ஒன்பது அங்குலம், கயிற்றுக்குப் பதில் ஆளுயர இரும்புக் கம்பி. தூரத்தில் நின்றே தள்ளலாம்.

தை பிறந்ததும் பக்கத்துக் கண்மாயில் மூட்டம் பிரிக்கிறார்கள். முதல் லோடுக்குக் கட்டை பிடிக்கக் கருத்தம்மாள் வருகிறாள்.