கதவைத் தட்டியது யார்?

"இல்லை இல்லை, மூக்கு எங்க பக்கம். காது மட்டும்தான் சம்பந்தி பக்கம்."

யாரும் கேட்கவில்லைதான். பேத்தி பிறந்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். காது என்று வந்துவிட்டால் சம்பந்தியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் மருமகனின் அப்பா. தச்சர். டிவி நாடகங்களுக்கு வீடு கட்டிக்கொடுத்தவர். அந்த வீடுகளுக்கு மூன்று சுவர்தான் இருக்கும், கூரையே இருக்காது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சிரிப்பு நாடகத்துக்கு செட் போட்டார். ஒரு காலத்தில் சினிமாவில் ஆடிப் பாடிக் கலக்கிய நடிகைதான் அதில் எல்லாம். முதல் பாகத்தை மட்டும் எடுத்து டிவிக்காரர்களிடம் காட்டுவார்களாம். பிடித்துப்போய் வாங்கினால்தான் மீதி. அந்தப் பாகம் முடிகிற இடத்தில் யாரோ கதவைத் தட்டுவார்கள். நடிகை "யாரு?" என்று கேட்பார். அதோடு 'தொடரும்' என்று போட்டுவிடுவார்கள்.

தட்டுவதற்கு ஆள் போடவில்லை. கதவுக்குப் பின்னால் கீலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சம்பந்தியையே டைரக்டர் தட்டச் சொன்னார்.

"என்னய்யா, வாடகை கேக்க வந்தவன் மாதிரி தட்டுற?"

மெதுவாகத் தட்டினார்.

"இது பூனை சுரண்டுற மாதிரி இருக்கு!"

"சார், நான் யாருன்னு சொன்னா அதுக்கேத்த மாதிரி தட்டுவேன்ல?"

"அது அடுத்த வாரம் தெரியும். நீ தட்டு."

கடைசியில், லேட்டாக வீட்டுக்குப் போனால் எப்படித் தட்டுவாரோ அப்படித் தட்டினார். நடிகை "யாரு?" என்றபோது குரல் நடுங்கியதாம். பார்க்க வந்த கூட்டம் மூச்சுகூட விடவில்லையாம். சிரிப்பு நாடகத்தில்!

அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. நாடகத்தை யாரும் வாங்கவில்லை. செட்டைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். ஆனால் சம்பந்தியின் மண்டையை அது குடைந்துகொண்டே இருந்தது. தட்டியது இவர்தான், ஆனால் கதையில் இவர் யார்? டைரக்டரைத் தேடிப் போனார், ஆள் வெளிநாடு போய்விட்டார். கதை எழுதியவர் காலமாகிவிட்டார்.

"எல்லாரும் கதவைத் தட்டிட்டு உள்ள போறாங்க," என்பார் சம்பந்தியம்மா. "இவரு மட்டும் முப்பது வருஷமா வெளியவே நிக்கிறாரு!"

போன வாரம், அடுக்குமாடியில் யார் வீட்டிலோ கதவு இறுகிவிட்டது என்று சம்பந்திக்கு போன் வந்தது. பையைத் தூக்க நானும் போனேன். வழியெல்லாம் பேத்தி புராணம்தான். மூன்றாவது மாடியில் கதவைத் தட்டினார்.

உள்ளேயிருந்து, "யாரு?"

சம்பந்தி அப்படியே நின்றுவிட்டார். அந்த நடிகையின் அதே குரலாம்.

"தச்சருங்க!" என்று நான்தான் சத்தம் கொடுத்தேன்.

கதவைப் பெயர்த்து, அடியில் இழைத்து, மறுபடி மாட்டி முடித்ததும் நடிகை எங்களுக்கு டீ கொடுத்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சம்பந்தி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"அட, அது நீங்கதானா தம்பி? நானும் எழுதினவர்கிட்ட கேட்டேனே! முதல்ல நாடகம் விக்கட்டும், ஆளை அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்னுட்டாரு."

"அப்ப யாருமே இல்லையாம்மா?"

"யாருமே இல்லாமயா அப்படித் தட்டுனீங்க? இன்னும் முடிவாகல, அவ்ளோதான். நானும் தோணுறவங்களையெல்லாம் அந்தக் கதவுக்குப் பின்னாடி வெச்சுப் பாத்துட்டேன். ஒரு நாள் என் தங்கச்சி, ஒரு நாள் போஸ்ட்மேன்."

திரும்பி வரும்போது சம்பந்தி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் பார்த்துக்கொண்டே நடந்தார். மனுஷன் உடைந்துபோய்விட்டாரோ என்று எனக்குப் பயம். பேத்தியின் கொட்டாவியைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன், அதற்கும் அசையவில்லை.

இன்று காலை பேத்தியைப் பார்க்க வந்தார். என் மகள் அறைக்குள் குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள்; கதவு சாத்தியிருந்தது. சம்பந்தி தட்டினார். வாடகை கேட்க வந்தவன் மாதிரியும் இல்லை, பூனை மாதிரியும் இல்லை.

"யாரு?" என்றாள் மகள்.

சம்பந்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். மீசை ஓரத்தில் ஒரு சிரிப்பு.

"இன்னும் முடிவாகலம்மா. உள்ள வரலாமா?"