முனியாண்டியின் குரல்

பெடாஸ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் அர்ச்சுனனுக்கு ‘டார்ச் மண்டோர்’ என்று பெயர். காலை ஆறு மணிக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மற்ற மண்டோர்கள் ஆட்களை நிறுத்திவைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். “இருக்கேன்” என்று குரல் வந்தால் செக்ரோல் என்ற வருகை ஏட்டில் ஒரு கோடு, அவ்வளவுதான். இவரோ பொழுது புலராத அந்த நேரத்தில் ஒவ்வொரு முகமாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் கோடு போடுவார். வேலைக்கு வந்த வங்காளதேசத்து ஆட்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அந்த டார்ச்சுக்குப் பின்னால் ஒரு சாவு இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பதினெட்டு வருடத்துக்கு முன்னால், மழை கொட்டிய ஒரு காலையில், குலை வெட்டும் முனியாண்டியின் பெயருக்கு அர்ச்சுனன் கோடு போட்டார். முனியாண்டி அங்கே இல்லை. பெரட்டுக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிள் சறுக்கி, கால் ஒடிந்து, பெரிய கால்வாய்க்குள் கிடந்தார். வேலையில் இருப்பதாக எழுதப்பட்ட ஆளை யார் தேடப்போகிறார்கள்? மத்தியானம் அவருடைய மர நிரையில் ஒரு குலைகூட விழவில்லை என்று தெரிந்து தேடிப் போனபோது, கால்வாயில் தண்ணீர் ஏறி எல்லாம் முடிந்திருந்தது.

விசாரித்தவர்களிடம் அர்ச்சுனன் சாதித்தார். முனியாண்டி வந்தான், அவன் குரலை நானே கேட்டேன், பிறகு எங்கோ நழுவிப் போயிருக்கிறான் என்றார். மண்டோர் சொன்னால் சொன்னதுதான். ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போடாத மனிதன், செத்த பிறகு வேலையை விட்டு ஓடியவன் ஆனான். அவர் மனைவி ராக்கம்மா அந்தப் பேச்சைத் தாங்கமாட்டாமல் தோட்டத்தை விட்டே போனாள்.

உண்மையில் அன்று எந்தக் குரலும் வரவில்லை. செக்ரோல் நனைந்துகொண்டிருந்தது. முனியாண்டிதானே, வராமலா இருப்பான் என்று பெயரைக் கூப்பிட்ட கையோடு கோடு போட்டிருந்தார். இதை அவர் கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தப் பெண்டாட்டி குமுதவல்லிக்குச் செண்டாயான் தொழிற்சாலையில் வேலை. பஸ்ஸில் போக வரப் படிப்பதற்கு, கேன்டீன் அலமாரியில் கிடந்த நூறு வருடத்துப் பழைய இங்கிலீஷ் கடல் நாவல் ஒன்றை எடுத்து வந்தாள். மாலையில் தேத்தண்ணி குடிக்கும்போது, படித்தவரைக்கும் புருசனுக்குச் சொல்லுவாள்.

கப்பல் பாறையில் மோதி உடைகிறது. ஒன்பது பேர் ஒரு சின்னப் படகில் தப்புகிறார்கள். சுற்றிலும் மூடுபனி. பக்கத்தில் இருப்பவன் முகமே தெரியாது. படகின் தலைவன் தினமும் காலையில் பெயர் பெயராகக் கூப்பிடுகிறான். ஒன்பது குரலும் வருகின்றன. மூன்றாம் நாள் பனி விலகுகிறது. படகில் எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள்.

அர்ச்சுனன் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார். எங்கேயோ பிறந்த வெள்ளைக்காரன், எப்போதோ செத்துப்போனவன், செம்பனை மரத்தைப் பார்த்தானோ இல்லையோ, பெரட்டை எப்படிப் பார்த்தான்? தன் நெஞ்சுக்குள்ளேயே ஒருவன் வந்து உட்கார்ந்து எழுதினானோ என்று பிரமித்துப் போனார். மறுநாள் குமுதவல்லியின் பஸ் வருவதற்கு முன்னாலேயே வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“அப்ப பதில் சொன்னது யாரு?”

“தண்ணிக்குள்ள ஏதோ ஒண்ணுங்க. செத்தவன் குரலக் கத்துக்கிட்டு படகு பின்னாலயே வருது. அந்தத் தலைவனுக்கு, ஆள விட்டுட்டேன்னு ஒத்துக்க வெக்கம். அதனால அவன் இருக்கான்னே சாதிச்சு, விடாம அவன் பேரையும் கூப்பிடுறான். கூப்பிடுற வரைக்கும் அது போவாது லா.”

நாலு நாள் கழித்து முடிவையும் சொன்னாள். தலைவன் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று, ‘அவன் இல்லை, நான்தான் பொய் சொன்னேன்’ என்கிறான். அதற்குப் பிறகு அந்தக் குரல் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அர்ச்சுனன் மோட்டாரை எடுத்துக்கொண்டு பெடாஸ் டவுனுக்கு, ராக்கம்மா வீட்டுக்குப் போனார். அவள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

“ராக்கம்மா, அன்னிக்குக் குரலே வரல. நான் சொன்னது பொய்.”

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை. “தெரியும்ண்ணே. மூணு நாளா அவருக்குத் தொண்ட கட்டிப் பேச்சே இல்ல. கையக் காட்டித்தான் தண்ணி கேட்டாரு. அவரு எங்க ‘இருக்கேன்’னு சொல்றது?”

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அர்ச்சுனன் கேட்டார். மண்டோர் பேச்சுக்கு எதிராக என் பேச்சை யார் கேட்பார்கள் என்றாள் அவள்.

“ஆனா நீங்க மொகத்துக்கு மொகம் டார்ச் அடிக்கிறீங்கன்னு சொன்னாங்க. என்னைக்காச்சும் வருவீங்கன்னு தெரிஞ்சுபோச்சு.”

பதினெட்டு வருடம். ஒரு சாபம் இல்லை, ஒரு வசவு இல்லை. இந்த மனுஷி இத்தனை காலமும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவளைப் பார்க்க அவருக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிடவும் தோன்றியது. மன்னிப்புக் கேட்கக் கையெடுத்தார். அவள் தடுத்தாள்.

“எங்கிட்ட வேணாம்ண்ணே. அவர ஓடுனவன்னு சொன்ன எடத்துல சொல்லுங்க.”

திங்கட்கிழமைப் பெரட்டுக்கு ராக்கம்மா வந்து, பழைய ஆட்கள் நாலைந்து பேருக்குப் பக்கத்தில் நின்றாள். மழை இல்லை, இருட்டு மட்டும் இருந்தது. அர்ச்சுனன் வழக்கம்போல முகம் முகமாகப் பார்த்து எல்லாருக்கும் கோடு போட்டார். பிறகு டார்ச்சைத் திருப்பித் தன் முகத்திலேயே அடித்துக்கொண்டு, தோட்டம் முழுக்கக் கேட்கிற குரலில் கூப்பிட்டார்.

“முனியாண்டி.”

வங்காளதேசத்து ஆட்களும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அவர் காத்திருந்தார். ராக்கம்மாவும் காத்திருந்தாள்.

“இல்ல,” என்றார் அர்ச்சுனன். “அன்னிக்கும் இல்ல. நான்தான் பொய்யா கோடு போட்டேன்.”

ராக்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் அழுதாள்.